பாடுறவருக்கு விசில்... பிடிக்கிறவருக்கு? - ஒரு கபடி டீமின் காசுக் கணக்கு!

பொங்கல் முடிஞ்சு ரெண்டாவது நாள். கீரமங்கலமோ, கந்தர்வகோட்டையோ, இலுப்பூரோ... புதுக்கோட்டை மாவட்டத்துல ஏதோ ஒரு ஊர். ஃபோகஸ் லைட் வெளிச்சத்துல கபடி நடக்குது. மைக்ல பேசுறவர் தொண்டை கிழியக் கத்துறார். ரைடர் ரெண்டு பேரைத் தட்டிட்டுக் கோட்டைத் தொட்டதும் விசில் பறக்குது. உங்க கையில இருக்கிற போனும் அவரைத்தான் வீடியோ எடுக்குது. அடுத்த பத்து நிமிஷத்துல அது ஸ்டேட்டஸ்ல இருக்கும்.

அதே மேட்ச்சுல இடது கார்னர்ல நின்ன ஒரு பையன், எதிர் டீமோட பெரிய ரைடரோட கணுக்காலை நாலு தடவை பிடிச்சு உட்கார வெச்சிருப்பான். அவன் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

இருக்காது. அங்கேதான் இந்தக் கட்டுரை தொடங்குது. ஒரு டீமைக் கட்டும்போது, பிடிக்கிற ஆளுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கணும்? புரோ கபடி ஏலத்துல கோடிக்கணக்குல நடக்கிற இந்த விவாதம், ஊர் டீமுக்கு கெஸ்ட் பிளேயர் எடுக்கும்போது டீக்கடை பெஞ்சுலயும் நடக்கும். கணக்கு ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

வாடிவாசலில் ஒரு நியாயம்... கபடியில் ஒரு நியாயமா?

நம்ம மாவட்டத்துக்கு ஜல்லிக்கட்டைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வருஷத்தோட முதல் ஜல்லிக்கட்டு தச்சங்குறிச்சியிலதான்னு ஒரு பெருமை. 2019 ஜனவரியில விராலிமலையில 1,354 காளைகளை அவிழ்த்து உலக சாதனையே பண்ணினோம். வாடிவாசல்ல காளைக்கும் பரிசு உண்டு, அடக்கினவருக்கும் பரிசு உண்டு. திமிலைப் பிடிச்சு நின்னவர் பேரை மைக்ல சொல்லுவாங்க, பைக்கையும் கொடுப்பாங்க. ஓடுறதும் வீரம், பிடிக்கிறதும் வீரம்னு அங்கே நமக்குத் தெரியும்.

கபடிக்கு வந்தா மட்டும் தட்டிட்டு ஓடி வர்றவர் ஹீரோ, பிடிக்கிறவர் கூட்டத்துல ஒருத்தர். புரோ கபடி ஏலத்துல ரொம்ப காலம் விலை ஏறினது பெரும்பாலும் ரைடர்களுக்குத்தான். 2019-ல சித்தார்த் தேசாய்க்கு 1.45 கோடி. 2021-ல பர்தீப் நர்வாலுக்கு 1.65 கோடி. 2022-ல பவன் ஷெராவத்துக்கு 2.26 கோடி. 2023-ல அதே பவனுக்கு 2.605 கோடி. எல்லாருமே ரைடர்கள்.

இதுக்குக் காரணம் புரிஞ்சுக்க முடியாதது இல்ல. ரைடு போறது ஒருத்தர். 30 விநாடி, கேமரா முழுக்க அவர் மேலேயே. ஜெயிச்சாலும் தோத்தாலும் கணக்கு அவர் பேர்ல. டிஃபென்ஸ் அப்படி இல்ல, அது ஏழு பேர் கோத்த சங்கிலி. கார்னர் காலைப் பிடிப்பார், கவர் வந்து மோதுவார், இன்னொருத்தர் கோட்டுப் பக்கம் கை நீட்ட விடாம அமுக்குவார். ஸ்கோர் ஷீட்ல பாயின்ட் ஏறுறது ஒருத்தர் பேர்ல. மத்தவங்க உழைப்பு எங்கேயும் பதிவாகாது. பதிவாகாத உழைப்புக்கு யார் விலை கொடுப்பா?

ஒரு பிடி... மூணு லாபம்!

சரி, ஒரு பிடியோட உண்மையான மதிப்பு என்ன? புரோ கபடி ரூல்ஸ்படியே பார்ப்போம்.

ஒரு ரைடரைப் பிடிச்சா ஒரு பாயின்ட். வெளியே உட்கார்ந்திருக்கிற உங்க ஆள் ஒருத்தர் உள்ளே வருவார். எதிர் டீமோட ரைடர் வெளியே போவார். 'ரைடர் ஒருத்தரைத் தட்டினாலும் இதே கணக்குதானே'ன்னு கேப்பீங்க. எண்ணிக்கை ஒண்ணுதான், ஆனா, யார் வெளியே போறாங்கன்னு பாருங்க. தட்டினா எதிர் டீமோட ஏழு கேட்சர்ல ஒருத்தர் போவார். பிடிச்சா எதிர் டீம் யாரை நம்பி வந்திருக்கோ, அந்த ஒருத்தரே போவார். அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவர அவங்க டீம் வேற யாரையாவது வெச்சு பாயின்ட் எடுக்கணும். அவர் பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கிற அந்த மூணு, நாலு நிமிஷத்துல உங்க டீம் எடுக்கிற பாயின்ட்டுலயும் அந்தப் பிடிக்குப் பங்கு உண்டு. ஆனா, அது எந்த ஷீட்லயும் எழுதப்படாது.

அடுத்தது, உங்க பக்கம் மூணு பேரோ அதுக்குக் குறைவாவோ நிக்கும்போது பிடிச்சா 'சூப்பர் டேக்கிள்'. ரெண்டு பாயின்ட். ஆல் அவுட் ஆகப்போற டீம் மேட்ச்சுக்குள்ள திரும்ப வர்ற வாசல் பெரும்பாலும் இதுதான். ஆல் அவுட் ஆனா எதிர் டீமுக்குக் கூடுதலா ரெண்டு பாயின்ட் போகும். அதையும் சேர்த்துத் தடுக்குது அந்த ஒரு பிடி.

மூணாவதுதான் யாரும் கவனிக்காத விஷயம். பிடிக்கவே வேண்டாம், பாயின்ட் கொடுக்காம திருப்பி அனுப்பினாலே போதும். ஒரு டீம் தொடர்ந்து ரெண்டு ரைடு வெறுங்கையோட திரும்பினா, மூணாவது 'டூ ஆர் டை' ரைடு. அதுலயும் பாயின்ட் எடுக்கலைன்னா ரைடர் அவுட், உங்களுக்கு ஒரு பாயின்ட். முதல் ரெண்டு ரைடுல சரியான இடத்துல நின்னு, அவசரப்படாம, காலை நீட்ட விடாம பார்த்துக்கிட்ட கவர் பிளேயர் பேர்ல என்ன பதிவாகும்? பூஜ்ஜியம். ஆனா, அந்த மூணாவது ரைடை உருவாக்கினவரே அவர்தான்.

2018... மே மாசமும் ஆகஸ்ட் மாசமும்!

இந்த விவாதத்துக்கு நல்ல சாட்சி 2018-தான். அந்த வருஷம் மே மாசம் நடந்த புரோ கபடி ஏலத்துல முதல்முறையா கோடி ரூபாயைத் தொட்ட வீரர்கள் வந்தாங்க. மொத்தம் ஆறு பேர். மோனு கோயத் 1.51 கோடி, ராகுல் சௌத்ரி 1.29 கோடி, ரிஷாங்க் தேவாடிகா 1.11 கோடின்னு வரிசையா விலை ஏறுச்சு. ஆனா, அந்த ஆறு பேர்ல முதல்ல கோடியைத் தொட்டது ஒரு கேட்சர்! ஈரான்காரர் ஃபாசல் அத்ராச்சலி, இடது கார்னர். யு மும்பா டீம் சரியா ஒரு கோடிக்கு எடுத்தது. ஆனா, ஆறு பேர்ல குறைஞ்ச விலையும் அவருக்குத்தான். சுத்தமான கேட்சர்னு பார்த்தா அந்த லிஸ்ட்ல அவர் ஒருத்தர் மட்டும்தான்.

மூணு மாசம் கழிச்சு, ஆகஸ்ட். ஜகார்த்தாவுல ஆசிய விளையாட்டுப் போட்டி. 1990-ல கபடி சேர்க்கப்பட்டதுல இருந்து ஏழு முறையும் தங்கம் வாங்கின இந்திய ஆண்கள் டீம், அரையிறுதியில ஈரான்கிட்ட தோத்துப்போச்சு. ஸ்கோர் 18-27. மோனு, ராகுல், ரிஷாங்க், பர்தீப், கேப்டன் அஜய் தாக்கூர்னு ரைடர் பட்டாளமே இருந்த டீம், 40 நிமிஷத்துல எடுத்த மொத்தப் பாயின்ட் 18. எதிர்ப் பக்க டீம்ல ஃபாசல் இருந்தார்.

ஒரு மேட்ச்சை வெச்சு எல்லாத்தையும் முடிவு பண்ணக் கூடாதுதான். ஆனா, விலைப்பட்டியலும் ஸ்கோர் போர்டும் ஒண்ணு இல்லைன்னு அன்னைக்கு எல்லாருக்கும் புரிஞ்சது.

தமிழ் தலைவாஸ் சொன்ன பாடம்

நம்ம டீமுக்கே வருவோம். 2022-ல தமிழ் தலைவாஸ், பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அப்போ ஒரு டீம் மொத்தமா செலவழிக்க அனுமதிச்ச தொகையே 4.4 கோடி. அதாவது பாதிக்கு மேல ஒரே ரைடருக்கு. முதல் மேட்ச்லயே பவனுக்கு முழங்கால்ல அடி. சீசன் முழுக்க ஆட முடியல.

'அவ்வளவுதான், இந்த வருஷமும் போச்சு'ன்னுதான் நாமெல்லாம் நினைச்சோம். ஆனா, நடந்தது தலைகீழ். அதுவரைக்கும் பிளே ஆஃப் பக்கமே போகாத டீம், அந்த சீசன்லதான் முதல்முறையா அரையிறுதி வரைக்கும் போனது. புதுசா வந்த ரைடர் நரேந்தர் 243 ரைடு பாயின்ட் எடுத்தார். பின்னாடி சாகர், சாஹில் குலியா, அபிஷேக்னு இளம் கேட்சர்கள் கூட்டணி நின்னது. கார்னரும் கவரும் ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கிட்டு ஆடினதால, ரைடு சொதப்பின நாள்லயும் டீம் மேட்ச்சுக்குள்ளேயே இருந்தது.

இதுல ரெண்டு பாடம் இருக்கு. ஒண்ணு, பாதிப் பணத்தை ஒரு முழங்கால் மேல வைக்கிறது ஆபத்து, அது ரைடரோடதா இருந்தாலும் கேட்சரோடதா இருந்தாலும். ரெண்டு, நல்ல டிஃபென்ஸ் இருந்தா புது ரைடருக்குப் பயமில்லாம ஆட நேரம் கிடைக்கும்.

மூணு ஃபைனல்... மூணு ஸ்கோர்!

2023 ஏலத்துல புனேரி பல்தான், ஈரானோட முகமதுரெசா ஷாட்லூயியை 2.35 கோடிக்கு எடுத்தது. பட்ஜெட் அப்போ 5 கோடி. கிட்டத்தட்ட பாதி! 'கார்னர் பிளேயருக்கு இவ்வளவா?'ன்னு கேட்டவங்க உண்டு. ஆனா, புனேரி கையில அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், பங்கஜ் மோஹிதேன்னு தாங்களே வளர்த்த ரைடர்கள் ஏற்கெனவே இருந்தாங்க. இல்லாதது எதுவோ அதுக்குத்தான் காசைக் கொட்டினாங்க. அந்த சீசன்ல ஷாட்லூயி எடுத்தது 99 டேக்கிள் பாயின்ட். ஃபைனல்ல ஹரியானாவை 28-25-னு ஜெயிச்சுக் கோப்பையும் வந்தது.

அடுத்த வருஷம் அதே ஷாட்லூயியை ஹரியானா ஸ்டீலர்ஸ் 2.07 கோடிக்கு எடுத்தது. ஃபைனல்ல எதிரே பாட்னா. அந்த சீசன்ல 301 ரைடு பாயின்ட் எடுத்த தேவாங்க் தலால் அந்த டீம்லதான். ஸ்கோர்? 32-23. ஹரியானாவுக்கு முதல் கோப்பை. 2025 ஃபைனல்லயும் டெல்லி 31, புனே 28. கோப்பை மேட்ச்னு வந்தா பாயின்ட் சுருங்குது பாருங்க. அங்கே ஒவ்வொரு பிடியும் தங்கம்.

கால்பந்துலயும் இந்த ஞானம் மெதுவாத்தான் வந்தது. 2018 ஜனவரியில லிவர்பூல், வான் டைக்கை 7.5 கோடி பவுண்டுக்கு எடுத்தப்போ, டிஃபெண்டர் ஒருத்தருக்கு அவ்வளவு கொடுத்தது அதுவே முதல்முறை. 2019-ல சாம்பியன்ஸ் லீக் வந்தது. 2020-ல 30 வருஷக் காத்திருப்புக்குப் பிறகு லீக் கோப்பையும் வந்தது. நம்ம ஐ.எஸ்.எல்-ல 2017 டிராஃப்ட் நடந்தப்போ, முதல் வாய்ப்பு கிடைச்ச ஜாம்ஷெட்பூர் தேர்ந்தெடுத்தது கோல் அடிக்கிறவரை இல்ல, 1.10 கோடிக்கு கேரளாவோட அனஸ் எடத்தொடிகாங்கிற டிஃபெண்டரை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேளுங்க

'அப்போ காசு எல்லாத்தையும் கேட்சருக்கே போட்டுடலாமா?'ன்னு கேட்டா, கூடாது.

பாட்னா பைரேட்ஸ் தொடர்ந்து மூணு கோப்பை ஜெயிச்சப்போ முன்னாடி நின்னது பர்தீப் நர்வால். ஐந்தாவது சீசன்ல மட்டும் 369 ரைடு பாயின்ட். அப்படி ஒரு ரைடர் கிடைச்சா யார் விடுவா? டூ ஆர் டை ரைடுக்கு யாராவது ஒருத்தர் எழுந்து போய்த்தானே ஆகணும்?

இன்னொண்ணு, ஒத்தை கேட்சர் டீமைத் தூக்க முடியாது. 2025-ல குஜராத் ஜெயன்ட்ஸ் அதே ஷாட்லூயியை 2.23 கோடிக்கு எடுத்தது. டீம் முதல் எட்டு இடத்துக்குள்ளகூட வரல. இடது கார்னர்ல புலியே நின்னாலும், ரைடர் வலது பக்கம் பாடிட்டுப் போயிடுவார். கேட்சரை ஒத்தையா வாங்க முடியாது. ஜோடியா, கூட்டமா வாங்கணும். ஏலத்துல ரைடருக்கு விலை ஏறுறதுக்கு இது ஒரு நியாயமான காரணம்தான். ரைடரைத் தனியா எடுத்துட்டு வந்து எந்த டீம்லயும் பொருத்தலாம். டிஃபென்ஸ் அப்படி இல்ல, சேர்ந்து ஆடி ஆடித்தான் அமையும்.

ஆனா, அதே காரணத்தாலதான் ஊர் டீமுக்கு டிஃபென்ஸ் லாபம். தினமும் சாயங்காலம் ஒரே மண்ணுல சேர்ந்து ஆடுற பசங்க உங்ககிட்ட இருக்காங்க. பெரிய டீம்கள் காசு கொடுத்தும் உடனே வாங்க முடியாத பொருள் அது.

உங்க டீமுக்கு ஒரு நோட்டு போடுங்க!

அடுத்த டோர்னமென்ட்டுக்கு முன்னாடி ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. போன்லயே நோட்ஸ் ஆப் இருந்தாலும் சரி. ஒவ்வொரு கேட்சருக்கும் இதை மட்டும் எழுதுங்க.

1. எத்தனை முறை பிடிக்கப் போனார், எத்தனை முறை பிடிச்சார்? ஒரு பையன் 10 முறை பாய்ஞ்சு 6 பிடிக்கிறான்னு வெச்சுக்குவோம். பிடிச்ச 6 லாபம், தவறவிட்ட 4 எதிர் டீமுக்கு. நிகரம் 2. இன்னொருத்தன் 5 முறை மட்டும் போய் 4 பிடிக்கிறான். நிகரம் 3. மைக்ல முதல் பையன் பேரைத்தான் அதிகமா சொல்லுவாங்க. ஆனா, டீமுக்கு லாபம் ரெண்டாவது பையன்.

2. யாரைப் பிடிச்சார்? எதிர் டீமோட முதல் ரைடரைப் பிடிச்சா பக்கத்துல ஒரு ஸ்டார் போடுங்க. அவர் எவ்வளவு நேரம் வெளியே உட்கார்ந்தார்னும் குறிச்சுக்குங்க.

3. எப்போ பிடிச்சார்? மூணு பேர் நிக்கும்போது பிடிச்சது, கடைசி அஞ்சு நிமிஷத்துல பிடிச்சது, ரெண்டுக்கும் தனி மதிப்பு.

4. யார்கூட சேர்ந்து பிடிச்சார்? இடது கார்னரும் இடது கவரும் சேர்ந்தா நல்லா வருதுன்னா, அந்த ஜோடியைப் பிரிக்காதீங்க. கெஸ்ட் பிளேயர் எடுக்கும்போதும் தனி ஆளைவிட, சேர்ந்து ஆடிப் பழகின ரெண்டு கேட்சர்களை எடுக்கிறது புத்திசாலித்தனம்.

5. எத்தனை வெறும் ரைடு? அவர் களத்துல இருந்தப்போ எதிர் டீம் எத்தனை முறை பாயின்ட் இல்லாமத் திரும்பினாங்க? அவரை வெளியே எடுத்த பிறகு எப்படி? வித்தியாசம் தெரிஞ்சா அதுதான் அவரோட விலை.

மூணு டோர்னமென்ட் இப்படி எழுதிப் பாருங்க. 'இவனா நம்ம டீமோட முக்கியமான ஆளு?'ன்னு உங்களுக்கே ஆச்சர்யமா இருக்கும்.

கார்னர்ல நிக்கிற தம்பிக்கு...

கடைசியா, இதைப் படிக்கிற நீங்களே அந்தக் கார்னர் பையனா இருந்தா, உங்களுக்கு ஒரு வார்த்தை.

'ரைடு போனாத்தான் பேர் கிடைக்கும், செலக்‌ஷன்ல கண்ணுல படுவே'ன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. உங்க கை விரல் ரெண்டு தடவை பிசகியிருக்கும். முகத்துல உதை வாங்கியிருப்பீங்க. வீட்டுல 'எதுக்குடா இதெல்லாம்?'னு கேட்டிருப்பாங்க. முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுக்கும்போது 'ரைடர்'னு எழுதலாமான்னு ஒரு யோசனை ஓடியிருக்கும். இங்கே கபடி வெறும் விளையாட்டும் இல்லையே. விளையாட்டு ஒதுக்கீட்டுல காலேஜ் சீட், அரசு வேலையில 3 சதவிகித இடம்னு அதுக்குப் பின்னாடி ஒரு குடும்பத்தோட கணக்கும் இருக்கு.

நம்ம பக்கத்து தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதனைத் தேடிப் பாருங்க. அவரும் கார்னர்தான். புரோ கபடியில எல்லா டீம்காரங்களும் 'அண்ணா'ன்னு கூப்பிட்ட மனுஷன். 2016-ல பாட்னா கோப்பையை ஜெயிச்சப்போ கேப்டன் அவர். 40 வயசைத் தாண்டியும், தன்னைவிடப் பாதி வயசுப் பசங்களோட கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார். ரைடருக்கு வேகம்தான் மூலதனம், அது வயசோட குறையும். கேட்சரோட மூலதனம் நிதானமும் கணிப்பும். அது வயசோட கூடும்.

அதனால பொசிஷனை மாத்தாதீங்க. உங்க நோட்டை நீங்களே எழுதுங்க. செலக்‌ஷன்ல 'நீ என்ன பண்ணுவே?'ன்னு கேட்டா, '30 முறை போனேன், 20 முறை பிடிச்சேன்'னு எண்ணிக்கையோட சொல்லுங்க. அதுக்கு எந்தக் கோச்சும் காது கொடுப்பார்.

மத்தவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். அடுத்த பொங்கலுக்கு ஊர்ல மேட்ச் பார்க்கும்போது, ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் போன் கேமராவை ரைடர் மேல இருந்து எடுத்து, இடது கார்னர் பக்கம் திருப்புங்க. அந்தப் பையன் எப்போ முட்டியை மடக்குறான், எப்போ மூச்சை அடக்குறான், யாருக்குக் கண்ணைக் காட்டுறான்னு பாருங்க.

அப்புறம், அவன் பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு விசிலடிங்க!